வலியைப் படமாக வரைந்த பெண்

1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். மெக்சிகோ நகரில் ஒரு சித்திரக் கண்காட்சி. நல்ல கூட்டம். அப்போது வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள்.

உள்ளே அவளுக்காகக் கட்டில் தயாராக இருந்தது. அவள் வீட்டுக் கட்டில்தான். அதில் படுத்தபடியே வந்தவர்களை வரவேற்றாள்.

அவள்தான் பிரீடா காலோ. சுவரில் தொங்கிய படங்கள் அவள் வரைந்தவை. சொந்த நாட்டில் அவள் தனியாக வைத்த முதல் கண்காட்சி அது.

டிராம் மோதியது

பிரீடா 1907-ல் பிறந்தவள். ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பியது. ஆனாலும் கெட்டிக்காரி. டாக்டராக வேண்டும் என்று படித்தாள்.

1925-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி பஸ்சில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். வயது 18. பஸ் மீது டிராம் வண்டி மோதியது. பஸ்சின் இரும்புக் கம்பி அவள் இடுப்பில் பாய்ந்தது. முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. வலது காலில் மட்டும் 11 முறிவுகள்!

மாதக்கணக்கில் படுக்கை. டாக்டர் படிப்பு போயிற்று. படுத்தபடியே படம் வரைய தாயார் ஒரு சட்டம் செய்து கொடுத்தாள். கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடியும் பொருத்தினார்கள். கண்ணாடியில் தெரிந்தது ஒரே முகம். அதையே வரைந்தாள்.

எழுந்து நடந்தாள். கல்யாணமும் செய்துகொண்டாள். ஆனால் வலி மட்டும் போகவில்லை. ஆபரேஷன் மேல் ஆபரேஷன்!

ஆணிகள்

1944-ல் முதுகை நிமிர்த்தி வைக்க எஃகுக் கவசம் மாட்டினார்கள். அந்த ஆண்டு அவள் வரைந்த படத்தின் பெயர் 'உடைந்த தூண்.'

வெடித்துக் கிடக்கும் பொட்டல் காடு. அதில் பிரீடா நிற்கிறாள். கழுத்து முதல் இடுப்பு வரை உடல் பிளந்திருக்கிறது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில், விரிசல் விட்ட ஒரு கல் தூண். முகத்திலும் உடம்பிலும் ஆணிகள். கண்ணீர் வழிகிறது, முகம் கோணவில்லை. நம்மையே பார்க்கிறாள்.

ஆணிகளைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே அளவு இல்லை. சில சிறியவை, சில பெரியவை. இதயத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய ஆணி. இடுப்புக்குக் கீழே வலது கால் பக்கம் மட்டும் ஆணிகள் இறங்குகின்றன. எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று கணக்குக் கொடுத்துவிட்டாள்!

காயம் பட்டால் நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். காயம் ஆறியதும் சேதி நிற்க வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. நரம்பே அடிபட்டிருக்கலாம். அல்லது நெடுநாள் வலித்து வலித்து, முதுகுத் தண்டும் மூளையும் சிறு சேதியையும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் துணி உரசினாலும் வலிக்கும். இன்றைய டாக்டர்கள் சொல்லும் விளக்கம் இது.

வெளியே ஒன்றும் தெரியாது. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்று வீட்டில் உள்ளவர்களே கேட்பார்கள். வலியை அளந்து காட்ட தெர்மாமீட்டர் கிடையாது. குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா என்று டாக்டர் கேட்பது அதனால்தான். வலிப்பவர் சொன்னால்தான் உண்டு. பிரீடா ஆணி அடித்துச் சொன்னாள்.

1946-ல் நியூயார்க்கில் முதுகில் பெரிய ஆபரேஷன் நடந்தது. அதே ஆண்டில் ஒரு மானை வரைந்தாள். உடம்பில் ஒன்பது அம்புகள். தலை மட்டும் பிரீடாவின் தலை!

உடம்பில் போட்ட மாவுக் கட்டையும் அவள் விடவில்லை. அதன் மேலும் வர்ணம் தீட்டினாள்.

கண்காட்சி நடந்த அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 1954 ஜூலை 13-ந் தேதி, 47 வயதில், தான் வளர்ந்த வீட்டிலேயே காலமானாள்.

நீல வர்ணம் அடித்த அந்த வீடு 1958 முதல் கண்காட்சிச் சாலையாக இருக்கிறது. கட்டில் அங்கேயே இருக்கிறது. அதன் மேலே கண்ணாடியும்.