வியாபாரியின் அச்சமும் பாடகர்களின் துணிவும்

ஒரு பாட்டின் வாயை அடைப்பதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். சர்க்கார் சும்மா இருக்கும்போதே அவ்வேலையை வியாபாரியின் அச்சம் செய்து முடித்துவிடும் என்பதற்கு அமெரிக்க இசைத்தட்டுகளின் சரித்திரமே சான்று. 1939 முதல் 1941 வரை அந்நாட்டில் வெளியான மூன்று வெளியீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஜாஸ், மற்றொன்று நாட்டுப் பாடல், மூன்றாவது ப்ளூஸ்.

தென் மாகாணங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பு மக்களைப் பிடித்து, விசாரணையின்றி மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றுவந்த காலம் அது. நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராயிருந்த ஏபெல் மீரபோல் அக்கொடுமையைக் குறித்து 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்ற பாட்டை இயற்றினார். பில்லி ஹாலிடே அதைச் சபையில் பாடினார். அவரோடு ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பியா கம்பெனியோ, தெற்கே வியாபாரம் கெடும் என்றஞ்சி, அதைப் பதிவு செய்ய மறுத்தது. இசைத்தட்டுக் கடை வைத்திருந்த மில்ட் கேப்ளர், தமது சிறிய கமடோர் ஸ்தாபனத்தின் பெயரால் 1939 ஏப்ரல் 20-ஆம் தேதி அதைப் பதிவு செய்தார். தட்டின் மறுபக்கத்தில் ஹாலிடே தாமே இயற்றிய ப்ளூஸ் பாட்டொன்று இடம்பெற்றது. பெரிய கம்பெனி இறக்கி வைத்த சுமையை ஒரு கடைக்காரர் தோளில் ஏற்றுக்கொண்டார்!

அடுத்தவர் ஓக்லஹோமாவில் பிறந்த உடி கத்ரி. மழை பொய்த்து, மண் புழுதியாய்ப் பறக்க, கடனும் சேர்ந்து அழுத்த, குடியானவர்கள் நிலத்தை விட்டுக் கலிபோர்னியாவை நோக்கி ஓடினர். அவர்களது துயரையே கத்ரி பாட்டாக்கினார். 1940 ஜூலையில் விக்டர் கம்பெனி அவற்றை 'டஸ்ட் பவுல் பாலட்ஸ்' என்ற பெயரில் இரண்டு ஆல்பங்களாக வெளியிட்டது. தட்டுகளைப் புத்தகம்போல் உறையிட்டுக் கட்டியதே அந்நாளைய ஆல்பம். இவை ஒவ்வொன்றிலும் மூன்று தட்டுகள். விற்பனை சொற்பமே. பின்னர் மறுபடி வெளியிடுமாறு கத்ரி கேட்டபோது கம்பெனி இணங்கவில்லை. 1950-இல் ஃபோக்வேஸ் என்ற சிறு ஸ்தாபனமே அவற்றுக்கு மறுவாழ்வு அளித்தது.

மூன்றாமவர் ஜாஷ் வைட். கவிஞர் வாரிங் கியூனியுடன் சேர்ந்து இயற்றிய 'சதர்ன் எக்ஸ்போஷர்' ஆல்பத்தை 1941-இல் கீநோட் என்ற சிறு கம்பெனி வெளியிட்டது. பட்டாளத்திலும் தொழிற்சாலையிலும் நிறவேற்றுமை பாராட்டுவதை அப்பாடல்கள் நேருக்கு நேர் கண்டித்தன. தேசத்துக்காக உயிர்விடத் தயாராயிருக்கும் சிப்பாய்க்கு அத்தேசமே சமத்துவம் மறுப்பது எந்த நியாயம்? ஜனாதிபதி ட்ரூமன் படைகளில் சமத்துவத்துக்கு உத்தரவிட்டது 1948-இல்தான்.

சட்டமோ இதனினும் மெதுவாக நடந்தது. கும்பல் கொலைத் தடை மசோதா 1922-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், தென் மாகாண அங்கத்தினர்களின் முட்டுக்கட்டையால் செனட்டில் மடிந்தது. அக்கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் பிறந்ததோ 2022 மார்ச்சில்! பாட்டு சட்டம் இயற்றாது, தண்டனையும் விதிக்காது. ஆனால் நீதிமன்றம் அழைக்க மறந்த சாட்சியை அது ஜனங்களின் முன்னே நிறுத்துகிறது. சாட்சி இருக்கும் வரை வழக்கும் உயிரோடிருக்கும்.

இந்தப் பரம்பரை அற்றுப்போகவில்லை. ரியானன் கிடன்ஸ் 2017-இல் வெளியிட்ட 'ஃப்ரீடம் ஹைவே' ஆல்பத்தின் முதற்பாட்டு, பழைய பத்திரிகை விளம்பரம் ஒன்றிலிருந்து பிறந்தது. அடிமைப் பெண்ணொருத்தியை விற்பதற்கான விளம்பரம் அது. அவளுடைய ஒன்பது மாதக் குழந்தையையும் சேர்த்து வாங்குவது வாங்குவோர் விருப்பம் என்று அதில் கண்டிருந்தது. காசு வாங்கிக்கொண்டு அதை அச்சிட்டது ஒரு பத்திரிகை என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருப்போர் மறக்கலாகாது.

இன்று பாடகர் எவரும் கம்பெனியின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. இணையத்தின் வழியே தாமே வெளியிடலாம். ஆயினும் எந்தப் பாட்டை முன்னே வைப்பது, எதைப் பின்னே தள்ளுவது என்பதைச் சில பெரிய ஸ்தாபனங்களே பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. ஆகவே ரசிகர்களின் கடமை குறையவில்லை. உண்மை பேசும் பாட்டைத் தேடிக் கேட்பதும், அதற்குரிய விலையைத் தயங்காமல் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. கேப்ளரைப் போன்றவர்கள் துணிந்து வெளியிடுவார்கள். வாங்குவோர் துணியாவிட்டால் அத்துணிவு எத்தனை நாள் நிலைக்கும்?