ஊசி போட்டும் தீராத மணிக்கட்டு வலி

"கைய ஊன முடியலைங்க. கத்தியப் புடிச்சா உசுரு போவுது. டாக்டர் ஊசி போட்டாரு, கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, மறுபடியும் அதே வலி. மண்டோர் என்னடான்னா, வேலைக்குக் கள்ளம் பண்றேன்னு சொல்றாரு."

பால்மரம் வெட்டும் ஒரு சகோதரி நம்மிடம் சொல்லி வருத்தப்பட்டது இது. கையில் காயமில்லை, பெரிய வீக்கமும் தெரியாது. பார்ப்பவருக்கு நடிப்பாகத்தான் தோன்றும். ஆனால் ஊசிக்கும் கேட்காத வலிக்குக் கைக்குள்ளேயே காரணம் இருக்கலாம்.

பெருவிரலை விரித்துத் தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக எலும்பு புடைத்திருக்கும் இடத்தின் மேல் கயிறு போல ஏதோ இழுபடும். நம் ஜனங்கள் இதை 'நரம்பு' என்பார்கள். நரம்பு வேறு, இது வேறு. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் இது. ஒரு நாண் பெருவிரலை விரிக்கிறது. இன்னொன்று அதை நிமிர்த்துகிறது. சைக்கிள் பிரேக் கம்பி அதன் குழாய்க்குள் ஓடுவது போல, இரண்டும் அவ்வெலும்பின் மேல் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. பெருவிரலை அழுத்திப் பிடித்து மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப வளைத்தால் உறை தடித்துப்போகும், வழி குறுகும், நாண் உள்ளே மாட்டிக்கொண்டு வலிக்கும். தினமும் ஐந்நூறு மரம் சீவும் கைக்கு இது வருவதில் என்ன ஆச்சரியம்? கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் வரும். 1895-இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டி குவெர்வேன் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இனிதான் விஷயமே இருக்கிறது. பாடப் புத்தகப் படத்தில் விரிக்கும் நாண் ஒன்று, நிமிர்த்தும் நாண் ஒன்று என்றுதான் இருக்கும். மனிதர் கைகள் அந்தப் படத்தைப் பார்த்துச் செய்தவை அல்லவே! விரிக்கும் நாண் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று கிளைகளாக இருக்கும். நிமிர்த்தும் நாண் அபூர்வமாகச் சிலருக்கு இல்லவே இல்லை. இவற்றைவிட முக்கியமானது ஒன்று உண்டு. லயத்து வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாகத் தடுத்தது போல, சிலருக்கு அந்த உறைக்குள் ஒரு சுவர் இருக்கிறது. பத்துக் கைகளில் ஏறக்குறைய நான்கில் இச்சுவர் உண்டு. இந்நோய்க்காக அறுவை வரை போன கைகளிலோ பத்துக்கு ஆறு! ஒரே ஆளின் வலக்கையும் இடக்கையும் கூட வேறுபடலாம்.

சுவர் இருப்பதே ஒரு நோயல்ல. ஆனால் நோய் வந்துவிட்டால் நிமிர்த்தும் நாண் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்குண்டு கிடக்கும். ஊசி மருந்து பெரிய அறையிலேயே தங்கிவிட்டால் வலி எப்படித் தீரும்? ஆகவே ஒரு ஊசி கேட்கவில்லை என்று வைத்தியத்தையே விட்டுவிடாதீர்கள். "உள்ளே தடுப்பு இருக்குமா டாக்டர், ஸ்கேன் செய்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? அறுவைக்கும் இதே கதைதான். இடத்தை மரத்துப்போகச் செய்து உறையைத் திறந்துவிடும் சின்ன அறுவை அது. ஒரு அறையைத் திறந்து மற்றதைப் பூட்டியபடி விட்டால் வலி அப்படியே இருக்கும்.

இதே வலிதானா என்று அறிய, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். நல்ல கையிலும் சற்று இழுக்கும். நோயுள்ள கையில் சுரீர் என்று குத்தும். இரவில் விரல்கள் மரத்துப்போவது வேறு நோய். அதையும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

சுளுக்கு என்று நினைத்து அழுத்தி நீவிவிடச் சொல்வது நம் பழக்கம். அழற்சி கண்ட இடத்தை நசுக்கினால் இன்னும் மோசமாகும். கோடாலித் தைலம் கொஞ்ச நேரம் எரிச்சலால் வலியை மறக்கடிக்கும், அவ்வளவுதான். பெருவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டையைச் சில வாரம் கட்டினால் ஆரம்ப நிலையில் பலருக்குக் குறைந்துவிடும். மணிக்கட்டை மட்டும் கட்டும் பட்டை போதாது. இனிப்பு நீர் உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். சில நாள் சர்க்கரை ஏறும்.

மருத்துவரிடம் "கை வலிக்குது" என்று மட்டும் சொல்லி வராதீர்கள். என்ன வேலை, எத்தனை மரம், எந்தக் கையில் கத்தி பிடிப்பது என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலையால் வரும் இந்த மணிக்கட்டு நாண் அழற்சியை அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010-ஆம் ஆண்டுத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மலேசியாவில் 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தொழில் நோய்க்கும் பெர்க்கெசோவில் மனுச் செய்யலாம். அங்கே போகும்போது அந்தச் சீட்டு கையில் இருக்கட்டும். கள்ளம் என்று சொல்லும் மண்டோருக்கும் அதையே காட்டலாம்.