பழைய வண்டி நம்மிடம், கடிதம் யாரிடம்?

மளிகை வியாபாரம் செய்யும் நமக்குச் சரக்கைத் திருப்பி அனுப்புவது புதிதல்ல. ஒரு கம்பெனியின் பிஸ்கட்டிலோ எண்ணெயிலோ குறை இருப்பது தெரிந்தால் ஏஜென்சிக்காரர் பேட்ச் எண்ணைச் சொல்வார். நாம் அலமாரியில் தேடி, அந்த எண் உள்ள பெட்டிகளை மட்டும் எடுத்துக் கொடுப்போம். 2015 ஜூன் மாதம் ஒரு பிரபல நூடுல்ஸ் விஷயத்தில் நாடு முழுவதும் கடைகளிலிருந்து பாக்கெட்டுகள் திரும்பிப் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தடையை ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும், விற்ற சரக்கைத் திரும்பக் கேட்கும் முறை ஒன்று உண்டு என்பதை அன்று சின்னக் கடைக்காரர்களும் தெரிந்து கொண்டார்கள்.

நம் ஆரணியில் நெசவாளர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஒரே பாவில் பல சேலைகள் நெய்கிறார்கள். அந்தப் பாவின் சாயத்தில் குறை என்று ஒரு சேலையில் தெரிந்தால், மற்றச் சேலைகளையும் விற்பனைக்கு அனுப்பாமல் எடுத்து வைப்பதுதான் நல்ல முதலாளிக்கு அழகு.

மோட்டார் வண்டிகளுக்கும் இதே முறை உண்டு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஏதேனும் ஒரு பாகம் ஆபத்தானது என்று தெரிந்தால், கம்பெனி அந்த வண்டிகளைத் திரும்ப வரவழைத்து, காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கும். இதை ‘ரீகால்’ என்கிறார்கள். இதில் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் கடை வண்டியில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு லோடு வண்டியைப் பழைய வண்டியாக வாங்கினோம். ஒரு நாள் காலை வெல்ல மூட்டைகளுடன் ஆற்காடு சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும்போது, டிரைவர் காலை எடுத்த பிறகும் ஆக்சிலரேட்டர் மேலே எழும்பவில்லை. எஞ்சின் அலறுகிறது, வண்டி ஓடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரம். டிரைவர் அனுபவசாலி. பதறாமல் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை அழுத்தி மிதித்து ஓரமாக நிறுத்திவிட்டார். ஒரு கடை வாசலில் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகள் நொறுங்கின. ஆண்டவன் புண்ணியத்தில் யாருக்கும் காயமில்லை.

காரணம் என்ன? பழைய ரப்பர் மேட்டின் மேலேயே புதிதாக இன்னொரு மேட்டை நாம்தான் வாங்கிப் போட்டிருந்தோம். அது முன்னே நகர்ந்து ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பிடித்துக் கொண்டது. தவறு நம்முடையது.

பயத்தில், வண்டியை முழுமையாகப் பார்த்துவிடலாம் என்று கம்பெனி சர்வீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினோம். அங்கே சேசிஸ் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டவர், “இந்த வண்டிக்குப் பிரேக் சம்பந்தமான ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று இரண்டு வருஷமாக நிலுவையில் இருக்கிறது. கடிதம் அனுப்பியிருக்கிறோமே?” என்றார். கடிதம் போனது உண்மை. ஆனால் அது வண்டியை முதலில் வாங்கியவரின் விலாசத்துக்குப் போயிருக்கிறது. அவர் பிரித்துப் பார்த்தாரோ என்னவோ, நமக்குத் தகவல் இல்லை. பாகத்தை இலவசமாகவே மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டு வருஷம் அந்தப் பிரேக்கை நம்பித்தான் தினமும் மூட்டை ஏற்றிக் கடைத்தெருவில் ஓட்டியிருக்கிறோம். அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

கல்லாவிலேயே நின்றுபோன புகார்

ரப்பர் மேட் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவில் சான் டியாகோ நகருக்கு அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி மோதியதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இறந்தார்கள். அது ஒரு டீலர் தற்காலிகமாக ஓட்டக் கொடுத்த கார். வேறொரு மாடலுக்கான பெரிய மேட்டை அதில் போட்டிருந்தார்கள். அந்த மேட் ஆக்சிலரேட்டரைப் பிடித்துக் கொண்டது என்று விசாரணையில் தெரிந்தது. இதில் கடைக்காரர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. சில நாட்களுக்கு முன் அதே காரை எடுத்துப் போன வேறொரு வாடிக்கையாளருக்கும் இதே கோளாறு வந்திருக்கிறது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பு மேஜையில் அதைச் சொல்லியிருக்கிறார். சொன்ன புகார் மேஜையைத் தாண்டிப் போகவில்லை. வாடிக்கையாளர் கல்லாவில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லெக்சஸைத் தயாரிக்கும் டொயோட்டா கம்பெனி 2009 செப்டம்பரில் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு மேட் பற்றி எச்சரிக்கை விடுத்தது. 2010 ஜனவரியில், மிதித்த ஆக்சிலரேட்டர் திரும்பி எழாமல் ஒட்டிக்கொள்ளும் கோளாறுக்காக மேலும் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிப்ரவரி 24 அன்று கம்பெனித் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். வண்டியின் மின்னணுச் சாதனங்களில் கோளாறா என்று விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான நாசாவைக் கொண்டே ஆராய்ந்தார்கள். அப்படி எதுவும் காணப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஆனாலும் விவகாரம் அத்தோடு முடியவில்லை. உண்மையை மறைத்து மக்களைத் தவறாக நம்ப வைத்ததற்காக 2014 மார்ச்சில் அந்தக் கம்பெனி 120 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

பாகம் கெட்டுப் போனதற்காக அந்த அபராதம் இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்காகவே அந்த அபராதம். சரக்கில் குறை வருவது யாருக்கும் நேரும். குறையை வெளியே சொல்லித் திரும்ப எடுப்பவர்தான் நாணயமான வியாபாரி. ஆகவே ஒரு கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்தது என்று செய்தி வந்தால், ‘அது மட்டமான வண்டி’ என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

மிதி மாறும் ஆபத்து

எல்லாப் பழியும் கம்பெனி மேல் இல்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார் தானாகவே பாய்கிறது என்று புகார்கள் குவிந்தன. 1986-ல் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். 1985-ல் 74 ஆயிரம் கார்கள் விற்ற அந்தக் கம்பெனி 1991-ல் விற்றது சுமார் 12 ஆயிரம்தான். 1989-ல் அரசு ஆய்வு வெளிவந்தபோது, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்று தெரிந்தது. பிரேக்கை மிதித்தால்தான் கியரைப் பார்க்கிங்கிலிருந்து எடுக்க முடியும் என்ற ஏற்பாடு அதன் பிறகே பரவலாயிற்று.

இது நமக்கும் பொருந்தும். 2014-ல் செலேரியோ காரில் வந்த ஏ.எம்.டி. கியர் முறைக்குப் பின், விலை குறைந்த கார்களிலும் கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் வந்துவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஆட்டோமேடிக் காரை ஓட்டத் தொடங்கிய நம் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டு கால்களால் ஓட்டிப் பழகிய நமக்கு அவசரத்தில் கால் மாறுவது எளிது. ஆட்டோமேடிக்கில் இடது காலுக்கு வேலையே கிடையாது. வலது கால் ஒன்றேதான் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும். குடோனுக்குள் நுழைக்கும் முன் ஒரு வாரமாவது காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுவது நல்லது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 2012-ல்தான் வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் இதற்கு ஒரு நடைமுறை வகுத்தது. அதுவும் கம்பெனிகள் தாமாக விரும்பிச் செய்வது. 2013-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 1 லட்சத்து 14 ஆயிரம் டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்தது அந்தக் காலத்தில் பெரிய செய்தி.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வண்டியில் உள்ள குறை ஓட்டுபவருக்கோ, பயணம் செய்பவருக்கோ, சாலையில் போகும் மற்றவர்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கும் என்றால், திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அப்படி உத்தரவு வந்தால் கம்பெனி வண்டியைப் பழுது நீக்கித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது விலையைத் திருப்பித் தர வேண்டும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. தாமே முன்வந்து குறையைச் சொல்லும் கம்பெனிக்கு அபராதம் இல்லை. தயாரித்து 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இந்த ஏற்பாடு.

இது கார் வைத்திருப்பவர்கள் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. 2021-ல் மகிந்திரா 29,878 பிக்கப் வண்டிகளைக் குழாய் ஒன்றைப் பரிசோதிக்க அழைத்தது. 2022-ல் மாருதி 5,002 சூப்பர் கேரி வண்டிகளை சீட் பெல்ட் போல்ட்டைச் சரிபார்க்க அழைத்தது. 2023-ல் ஸ்டியரிங் கம்பி ஒன்றுக்காக ஈகோ, எஸ்-பிரெஸ்ஸோ இரண்டும் சேர்த்து 87,599 வண்டிகளை அழைத்தது. பிக்கப்பும் சூப்பர் கேரியும் ஈகோவும் நம் கடைத்தெருவில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஏற்றும் வண்டிகள்தானே!

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் குறித்துக் கொண்டு, அந்தக் கம்பெனியின் எந்த சர்வீஸ் ஸ்டேஷனிலாவது “இந்த எண்ணுக்கு ரீகால் நிலுவை இருக்கிறதா?” என்று கேளுங்கள். பல கம்பெனிகளின் இணையதளத்திலும் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். காசு செலவில்லை.

இரண்டாவது, பழைய வண்டி வாங்கினால் பேர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். விற்பவர் 14 நாளில், வாங்குபவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மில் எத்தனை பேர் ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருஷக் கணக்கில் ஓட்டுகிறோம்! பேர் மாற்றியதோடு, கம்பெனியிலும் நம் விலாசத்தையும் செல்போன் எண்ணையும் பதியச் சொல்ல வேண்டும். அதேபோல நாம் விற்ற வண்டிக்குக் கடிதம் வந்தால், குப்பையில் போடாமல் வாங்கியவருக்கு ஒரு போன் செய்வது நம் கடமை.

மூன்றாவது, கோளாறு வந்தால் மெக்கானிக்கோடு விட்டுவிடாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் புகார் பதியலாம். வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி என்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் ஆட்சேபணை எழக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. 110-ஏ பிரிவிலோ சொந்த உபயோகம், வியாபாரம் என்ற பேதம் இல்லை.

நான்காவது, டிரைவருக்குச் சொல்லி வையுங்கள். ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. அப்படி மிதித்தால் பிரேக்குக்கு உதவும் காற்றழுத்த பலம் தீர்ந்துபோய் மிதி கல்லாகிவிடும். ஒரே மூச்சாக அழுத்தி மிதிக்க வேண்டும். கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். வண்டி நின்ற பிறகே சாவியைத் திருப்பி எடுக்க வேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மேட் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதுவும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில், துணி மூட்டை எதுவும் டிரைவரின் காலடியில் இருக்கக் கூடாது.

தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடுகிறோம். சரக்கில் தேதி பார்க்கிறோம். கடை வாசலில் நிற்கும் வண்டியின் எண்ணை மட்டும் ஏன் பார்ப்பதில்லை? நம் வண்டி ஓடுவது நம் வாடிக்கையாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் நடக்கிற தெருவில். இந்த இதழைப் படித்து முடித்ததும் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் எடுக்கும்படி உறுப்பினர்கள் அனைவரையும் அன்புடன் வேண்டுகிறோம்.