'சிமிலி' என்றதும் பயமா? உவமையணி தெரிந்தால் ஆங்கில வகுப்பில் பாதி வேலை முடிந்தது

பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு நெருங்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

"அம்மா, மெட்டஃபர்னா என்னம்மா?"

"எனக்கு இங்கிலீஷ் கிராமர் எல்லாம் தெரியாதுப்பா. நாளைக்கு மிஸ்கிட்ட கேட்டுக்கோ."

அம்மா பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர். உருவக அணி என்றால் என்ன என்று கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பார். பையனும் தமிழ் வகுப்பில் அதே உருவக அணியைப் படித்தவன்தான். ஆக, இரண்டு பேருக்கும் விடை தெரியும். கேள்வி இங்கிலீஷில் வந்ததால் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே பள்ளியில், ஒரே நாளில் நடக்கின்றன. ஆனால் ஒன்றில் படித்தது மற்றொன்றுக்கு உதவும் என்று பல மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. விளைவு, ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் புதிதாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு அறையில் மறந்தும் போகிறார்கள்.

தேர்வில் எங்கே வருகிறது?

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. பாடல் வரிகளைக் கொடுத்து, அதில் உள்ள ஃபிகர் ஆஃப் ஸ்பீச் என்ன, ரைமிங் வேர்ட்ஸ் எவை, ரைம் ஸ்கீம் என்ன, அலிட்டரேஷன் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இலக்கணப் பகுதியில் ஆக்டிவ் வாய்ஸை பேசிவ் வாய்ஸாகவும், டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாகவும் மாற்றச் சொல்கிறார்கள். கேள்விகள் சிறியவை. பெயர் புரிந்தால் ஓரிரு நிமிடத்தில் எழுதிவிடலாம். புரியாவிட்டால் வரியைப் பத்து முறை படித்தாலும் பயனில்லை.

பெயரைப் பிரித்தால் பொருள் வரும்

மிரட்டும் இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க மொழிகளில் இருந்து வந்தவை. பிரித்துப் பார்த்தால் எளிமையானவை. 'நவுன்' என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்குப் பொருள் 'பெயர்'. நாமும் பெயர்ச்சொல் என்றுதானே சொல்கிறோம்? பெயருக்குப் பதிலாக வருவது 'புரோநவுன்'. 'சிமிலி' என்றால் 'ஒத்தது'. 'மெட்டஃபர்' என்றால் 'ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிச் செல்வது'.

'பிரிப்பொசிஷன்' இன்னும் சுவாரசியமானது. 'முன்னால் வைக்கப்பட்டது' என்று பொருள். இங்கேதான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தெரிகிறது. 'பெட்டியில்' என்று சொல்லும்போது 'இல்' என்ற வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'இன் த பாக்ஸ்' என்று பெயருக்கு முன்னால் வருகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'பெட்டியில்', 'சுவரில்', 'வாசலில்' என மூன்றுக்கும் தமிழில் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் பெட்டிக்கு 'இன்', சுவருக்கு 'ஆன்', வாசலுக்கு 'அட்' வரும். பிள்ளைகள் பிரிப்பொசிஷனில் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான், கவனக்குறைவு அல்ல.

சிமிலியும் மெட்டஃபரும்

உவமையணியில் 'போல', 'போன்ற' என உவம உருபு வரும். பேச்சில் 'மாதிரி' என்கிறோம். சிமிலியில் 'லைக்', 'அஸ்' வரும். 'அவன் சிங்கம் மாதிரி வந்தான்' என்பது சிமிலி. 'அவன் ஒரு சிங்கம்' என்று அடித்துச் சொன்னால் மெட்டஃபர், அதாவது உருவகம்.

ஆனால் ஓர் இடத்தில் கணக்கு உதைக்கும். தமிழில் 'மதிமுகம்' என்றால் உவமைத்தொகை. 'போன்ற' என்ற உருபு மறைந்திருக்கிறது. 'முகமதி' என்று திருப்பிப் போட்டால் உருவகம். ஆங்கிலப் பாடத்தில் இப்படி மறைந்து வரும் சலுகை கிடையாது. ஒப்பிடும் சொல் வெளிப்படையாக இருந்தால்தான் சிமிலி.

அதற்காக 'லைக்' என்ற சொல்லைப் பார்த்ததுமே சிமிலி என்று எழுதிவிடவும் கூடாது. 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதில் உவமை எதுவும் இல்லை. 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்று பொருள், அவ்வளவுதான். இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஹைப்பர்போலிக்கு இணை, உயர்வு நவிற்சி அணி. 'உனக்கு ஆயிரம் தடவை சொல்லிட்டேன்' என்று வீட்டில் தினமும் கேட்பது அதுதான். ஓனமட்டோபியா என்பது ஒலியைக் காட்டும் சொல். 'சலசல', 'கலகல' நினைவுக்கு வந்தால் சரி. ஆனால் எல்லா இரட்டைக்கிளவியும் இதில் சேராது. 'பளபள' என்பதில் ஒளிதான் இருக்கிறது, ஒலி இல்லை.

பர்சானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்ற அணி என்று சிலர் குறித்துக்கொள்கிறார்கள். அது முழுச் சரியல்ல. காற்று பாடியது, நிலா சிரித்தது என மனிதரல்லாத ஒன்றுக்கு மனித இயல்பைக் கொடுத்தாலே பர்சானிஃபிகேஷன். தற்குறிப்பேற்றத்தில், இயல்பாக நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்குக் கவிஞர் தன் கற்பனையில் ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை வர வேண்டாம் என்று தடுப்பதாகச் சொல்வது அதற்குப் பாடநூல்களில் பிரபலமான எடுத்துக்காட்டு.

ரைம் என்றால் எதுகையா?

இல்லை. பலரும் தவறு செய்யும் இடம் இது. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. அதை அடியின் தொடக்கத்திலோ சீரின் தொடக்கத்திலோ தேட வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் கேட்கும் ரைம் வரியின் கடைசியில் வருகிறது. அதற்கு நெருக்கமானது இயைபுத் தொடை.

ரைம் ஸ்கீம் எழுதுவதும் எளிது. முதல் வரியின் கடைசிச் சொல்லுக்கு 'ஏ' என்று பெயர் வையுங்கள். இரண்டாவது வரி அதே ஓசையில் முடிந்தால் அதுவும் 'ஏ'. வேறு ஓசை என்றால் 'பி'. இப்படியே போனால் 'ஏஏபிபி' அல்லது 'ஏபிஏபி' என்று விடை கிடைத்துவிடும்.

அலிட்டரேஷனுக்கு இணை மோனை. இரண்டிலும் சொல்லின் முதலைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், தமிழில் எழுத்தும் ஓசையும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'சிட்டி', 'கேட்' இரண்டுமே 'சி' என்ற எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஓசை வேறு என்பதால் அது அலிட்டரேஷன் ஆகாது. 'போட்டோ' 'பி' எழுத்திலும் 'ஃபாதர்' 'எஃப்' எழுத்திலும் தொடங்கினாலும் ஆங்கில உச்சரிப்பில் முதல் ஓசை ஒன்றே என்பதால் அலிட்டரேஷன் ஆகும். ரைமுக்கும் இதே விதி. 'ஹோம்', 'கம்' இரண்டின் கடைசி மூன்று எழுத்துகளும் ஒன்றே. ஆனாலும் ரைம் கிடையாது. 'நைட்', 'கைட்' எழுத்தில் வேறுபட்டாலும் ரைம் உண்டு. அதனால் பாடலைக் கண்ணால் படித்தால் போதாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

எழுவாயை ஒளிக்க முடியாது

எழுவாய் என்றால் சப்ஜெக்ட், செயப்படுபொருள் என்றால் ஆப்ஜெக்ட். இதில் குழப்பமில்லை. ஆனால் தமிழில் 'வந்தேன்' என்ற ஒரே சொல் முழு வாக்கியமாகிவிடும். 'நான்' என்பது விகுதியிலேயே தெரிகிறது. இதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். ஆங்கிலத்தில் சாதாரண வாக்கியத்துக்கு எழுவாய் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். சொல்வதற்கு எழுவாயே இல்லாத இடத்திலும் 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஓர் 'இட்' போடுகிறார்கள்.

அதேபோல, 'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் பெயர்ப் பயனிலை, வினைச்சொல் தேவையில்லை. இந்தப் பழக்கத்தில்தான் பிள்ளைகள் 'ஹி டீச்சர்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அங்கே 'இஸ்' என்ற வினை கட்டாயம். "ஏன்டா இதுகூடத் தெரியாதா?" என்று திட்டுவதைவிட, "தமிழ்ல வேண்டாம், இங்கிலீஷ்ல வேணும்" என்று ஒரு முறை சொன்னால் புரிந்துவிடும்.

வாய்ஸும் ஸ்பீச்சும்

'ராமு கடிதம் எழுதினான்' என்பது செய்வினை. 'கடிதம் ராமுவால் எழுதப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. 'ஆல்' இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'பை' வருகிறது. 'படு' செய்யும் வேலையை 'வாஸ்' போன்ற துணைவினையும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து செய்கின்றன: 'த லெட்டர் வாஸ் ரிட்டன் பை ராமு'.

ஆப்ஜெக்டைக் கண்டுபிடிக்க, தமிழ் வகுப்பில் கேட்ட அதே 'யாரை? எதை?' கேள்வியைக் கேட்டால் போதும். 'அவன் தூங்கினான்' என்ற வாக்கியத்தில் 'எதை?' என்றால் பதில் வராது. அங்கே பேசிவ் வாய்ஸும் வராது.

நேர்கூற்றை அயற்கூற்றாக்கும்போது 'நான்' என்பது 'தான்' ஆகும், 'இங்கே' என்பது 'அங்கே' ஆகும், 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும். இந்த மாற்றங்கள் அப்படியே ஆங்கிலத்திலும் உண்டு. கூடுதலாக ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'சொன்னான்' என்று இறந்தகாலத்தில் இருந்தால், ஆங்கிலத்தில் உள்ளே இருக்கும் வினையும் பொதுவாக ஒரு படி பின்னால் போகும். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும். தமிழில் இந்தக் கால மாற்றம் இல்லை. மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

எப்படிப் படிக்கலாம்?

ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளலாம். முதல் பத்தியில் ஆங்கிலப் பெயர், இரண்டாவதில் தமிழ்ப் பெயர், மூன்றாவதில் வித்தியாசம். மூன்றாவது பத்திதான் முக்கியம். அது இல்லாமல் வெறும் இணைச்சொல் பட்டியலாக மனப்பாடம் செய்தால், 'ரைம் என்றால் எதுகை' என்பது போன்ற தவறுகள் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பெயருக்கும் பாடநூலில் இருந்து ஒன்று, சொந்தமாக ஒன்று என இரண்டு எடுத்துக்காட்டு எழுதினால் நிச்சயம் மறக்காது.

பெற்றோருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆங்கிலம் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. பிள்ளையிடம் அந்த வரிக்குத் தமிழில் பொருள் கேட்டு, இப்படி ஒரு கேள்வி கேட்டால் போதும்:

"இதுல 'மாதிரி' இருக்கா, இல்ல அதுவேதான்னு சொல்றாங்களா?"

பையன் யோசித்துவிட்டு, "அதுவேதான்னு சொல்றாங்கம்மா" என்பான்.

"அப்ப அது உருவகம்டா. இங்கிலீஷ்ல அதுக்கு என்ன பேரு, நீயே சொல்லு."