தன்னொட்டு அஞ்சல்தலைகளும் உறைப் பாதுகாப்பும்: நெய்வேலிக் குடியிருப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பயன்படுத்திய அஞ்சல்தலையை நீரில் ஊறவைத்து உறையிலிருந்து பிரித்தெடுப்பது சேகரிப்பாளர்களின் நெடுநாள் வழக்கம். தன்னொட்டு அஞ்சல்தலைகள் பலவற்றுக்கு இம்முறை பொருந்துவதில்லை. அவற்றின் பசையமைப்பை விளக்கி, அஞ்சல்தலையை உறையோடு காப்பதே தக்கது என்பதை நெய்வேலிக்கு வந்த கடிதங்களை முன்வைத்து இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சல்தலை, தன்னொட்டுப் பசை, கடித உறை, நெய்வேலி, ஆவணப் பாதுகாப்பு.

முன்னுரை

1840இல் பிரிட்டன் வெளியிட்ட 'பென்னி பிளாக்' முதலாக அஞ்சல்தலையின் பின்புறப் பசை நீரால் இளகுவதாகவே இருந்துவந்தது. இந்திய நினைவு அஞ்சல்தலைகளுள் பெரும்பான்மையும் அத்தகையனவே. ஆதலால் ஊறவைத்தல் இங்குள்ள சேகரிப்பாளர்க்கு இயல்பான பழக்கமாயிற்று. தன்னொட்டு அஞ்சல்தலைகளோ வெளிநாட்டுக் கடிதங்களின் வழியே அவர்கள் கைக்கு மிகுதியும் வருகின்றன. பழைய பழக்கம் புதிய பொருளின்மேல் செலுத்தப்படும்போது சேதம் நேர்கிறது.

தோற்றமும் பசையமைப்பும்

முதல் தன்னொட்டு அஞ்சல்தலையை 1964இல் சியரா லியோன் தன் நாட்டு வரைபட வடிவில் வெளியிட்டது. அமெரிக்கா 1974இல் கிறிஸ்துமஸ் அஞ்சல்தலை ஒன்றை இம்முறையில் வெளியிட்டுப் பார்த்தது. அதன் பசை நாளடைவில் தாளை ஊடுருவிப் பழுப்புக் கறையாக மாறியது. 1989இல் மீண்டும் சோதனை தொடங்கி, 1990களில் அந்நாட்டில் தன்னொட்டு முறை பெருவழக்காயிற்று.

இவ்வகை அஞ்சல்தலையில் அச்சிட்ட மேல்தாள், அழுத்தினால் பற்றிக்கொள்ளும் பசை, சிலிக்கோன் பூசிய அடித்தாள் ஆகியன அடுக்காக அமைந்துள்ளன. சிலவற்றில் மேல்தாளுக்கும் பசைக்கும் இடையே நீரில் கரையும் படலம் ஒன்று உண்டு. அது கரைவதால்தான் அஞ்சல்தலை பிரிகிறது. பசை உறையிலேயே தங்கிவிடும். இப்படலம் அமெரிக்க அஞ்சல்தலைகளில் 2000களின் இடைப்பகுதியில் கைவிடப்பட்டது. பிரிட்டன் 2009இல் வெளியிட்ட பாதுகாப்பு அஞ்சல்தலைகளிலும் இது இல்லை. மறுபயன்பாட்டைத் தடுக்க அவற்றில் வளைவான வெட்டுகளும் இடப்பட்டன. உரித்தெடுக்க முயன்றால் அஞ்சல்தலை துண்டாகிவிடும்.

பிரித்தெடுத்தலின் இடர்கள்

படலமற்ற அஞ்சல்தலை நீரில் ஊறும்போது தாள் நைகிறது, பசை கரைவதில்லை. பெட்ரோலியக் கரைப்பான்களையும், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் கலந்த தெளிப்பான்களையும் சேகரிப்பாளர் சிலர் கையாள்கின்றனர். இவை பசையை இளக்கும். ஆயினும் எளிதில் தீப்பற்றக்கூடியவை. பின்புறத்தில் எஞ்சும் பிசுபிசுப்பை நீக்க முகப்பொடி தூவ வேண்டியுள்ளது. இத்தனைக்குப் பின்னும் கிடைப்பது அஞ்சல்தலை மட்டுமே. முத்திரையின் ஒரு பாதி உறையோடு போய்விடுகிறது.

நெய்வேலி உறைகள் தரும் சான்று

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்ட பின் திட்டமிட்டு எழுப்பப்பட்டது நெய்வேலி நகரியம். பணி கருதிப் பல ஊர்களிலிருந்து வந்தோர் குடியேறிய இடமாதலின், அதன் வாழ்வியலை அறியக் குடும்பக் கடிதங்கள் முதன்மைச் சான்றாகும். உறையின் முகவரியே காலம் காட்டும் கருவியாகிறது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே 607801, 607803 ஆகிய எண்களைக் கொண்ட உறை அதற்கு முந்தையதாக இருக்க இயலாது. 1993 வரை இப்பகுதி தென்னாற்காடு மாவட்டம். பின்னர் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1997 முதல் கடலூர் மாவட்டம். நகரியத்தில் 'வட்டம்' எனப்படும் குடியிருப்புப் பகுதியின் எண், பெறுநர் வாழ்ந்த இடத்தைச் சுட்டுகிறது.

அமெரிக்காவில் தன்னொட்டு முறை பரவிய காலமும் மாவட்டப் பெயர் மாறிய காலமும் ஒன்றே. முத்திரையின் தேதி மங்கிய உறையொன்றில் அமெரிக்கத் தன்னொட்டு அஞ்சல்தலையும் 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்' என்ற முகவரியும் இருப்பின், அக்கடிதம் ஏறத்தாழ 1993–1997 காலத்தது எனக் கணிக்கலாம். பழைய பெயரை எழுதும் பழக்கம் சில காலம் நீடிக்கும் என்பதையும் கருத வேண்டும். எனினும் அஞ்சல்தலையைத் தனியே வெட்டியெடுத்தால் இக்கணிப்புக்கே இடமில்லை.

பாதுகாப்பு முறைகள்

1. முகவரியும் முத்திரையும் தெளிவாக உள்ள உறையை முழுமையாகக் காத்தல் வேண்டும். கடிதமும் உடனிருப்பின் இரண்டையும் பிரித்தல் ஆகாது.
2. உறை சிதைந்திருப்பின், அஞ்சல்தலையைச் சுற்றி விளிம்பு விட்டு, முத்திரை முழுதும் அடங்குமாறு வெட்ட வேண்டும். வெட்டுமுன் முகவரிப் பக்கத்தையும் பின்புறத்தையும் படமெடுத்தல் நன்று.
3. பயன்படுத்தாத அஞ்சல்தலையை அடித்தாளிலிருந்து உரிக்கலாகாது.
4. பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறைகளே ஏற்றவை, பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் தாளைக் கெடுக்கும்.
5. கோடை வெப்பத்தில் பசை இளகி விளிம்பில் கசியக்கூடும். தொகுப்பேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நெருக்கமின்றி நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குறைக்கும்.

முடிவுரை

நீரில் கரையும் பசை, அஞ்சல்தலையைத் தனிப்பொருளாகக் கருதும் மரபை உருவாக்கியது. தன்னொட்டுப் பசை அதனை உறையோடு பிணைத்துவிட்டது. இதனைச் சேகரிப்புக்கு நேர்ந்த இடையூறாகக் கொள்வதினும், உறையை ஆவணமாகக் காணும் வாய்ப்பாகக் கொள்வதே பொருத்தம். நகரியத்தில் பணி ஓய்வு பெறுவோர் குடியிருப்பைக் காலிசெய்து செல்கையில் பழைய கடிதக் கட்டுகள் கழிவுத்தாளாகும் நிலை உண்டு. அதற்குமுன் உறைகளைப் பட்டியலிட்டுப் படிமமாக்குவது உள்ளூர் வரலாற்றாய்வின் உடனடித் தேவையாகும்.