நாமே செய்யலாம், மைக்ரோகன்ட்ரோலர் புரோகிராமர்!

கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டியில் என் மாமாவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே கம்பம் பன்னீர் திராட்சைதான். கல்லூரியில் படிக்கும்போது மாமாவின் கிணற்று மோட்டாருக்கும், பக்கத்துத் தோட்டங்களின் மூன்று மோட்டார்களுக்கும் நான் டைமர் செய்து கொடுத்திருந்தேன். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், 60 விநாடி காத்திருந்து மோட்டாரைத் தானாக ஓட வைப்பது அதன் வேலை.

போன கோடையில்தான் நான்கு பேரும் ஒரே சமயத்தில் டைமரை ஆட்டோவில் போட்டார்கள். அப்போதுதான் என் தவறு தெரிந்தது. நான்கிலும் அதே 60 விநாடி! மின்சாரம் வந்ததும் நான்கு மோட்டார்களும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கிளம்பும். இன்டக்ஷன் மோட்டார் கிளம்பும் நேரத்தில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். நான்கும் ஒரே டிரான்ஸ்பார்மரில் இருப்பதால் வோல்டேஜ் சரிந்து ஸ்டார்ட்டர்கள் விழுந்துவிடும். காய் பருக்கும் நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை.

"கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குற. இந்தப் பெட்டியில ஒரு நம்பர மாத்த முடியாதா மாப்ள?" என்றார் மாமா.

முடியும். நான்கு டைமர்களிலும் 30, 60, 90, 120 என்று வெவ்வேறு விநாடிகளை எழுதினால் போதும். ஆனால் அதை எழுத ஒரு புரோகிராமர் வேண்டும். கல்லூரி லேபில் இருந்ததைத்தான் அன்று பயன்படுத்தினேன். இப்போது கையில் இல்லை. ஆன்லைனில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே எனக் கேட்கிறீர்களா? கிடைக்கிறது. ஆனால் எனக்கு இருந்தது நான்கு நாள் லீவு. ஆகவே நானே செய்தேன். சுமார் 300 ரூபாய் செலவானது. எப்படி என்று பார்ப்போமா?

புரோகிராமர் என்றால் என்ன?

மைக்ரோகன்ட்ரோலர் என்பது பிராசஸர், மெமரி, உள்ளீடு வெளியீடு பின்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். என் டைமரில் இருப்பது ஏ.வி.ஆர். குடும்பத்தைச் சேர்ந்த ஏடிடைனி13. எட்டே பின்கள், 1 கிலோபைட் ஃபிளாஷ் மெமரி. ஏ.வி.ஆர். நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில் இரண்டு மாணவர்களிடம் உருவான வடிவமைப்பு. அதை அட்மெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2016-ல் அட்மெல்லை மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிவிட்டது.

நாம் சி மொழியில் எழுதுவதை கம்பைலர் ஹெக்ஸ் ஃபைலாக மாற்றித் தரும். அந்த ஃபைலை சிப்புக்குள் எழுதும் கருவிதான் புரோகிராமர். இதற்கு ஆறு ஒயர்கள் போதும்: 5 வோல்ட், கிரவுண்டு, ரீசெட், எஸ்.சி.கே., மோசி, மிசோ. ரீசெட்டைக் கிரவுண்டில் பிடித்துக்கொண்டு, எஸ்.சி.கே.யின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட் வீதம் மோசி வழியாக அனுப்ப வேண்டும். சிப்பின் பதில் மிசோ வழியாக வரும். முதலில் ஏசி 53 00 00 என்ற நான்கு பைட்டுகளை அனுப்புவோம். மூன்றாவது பைட்டை அனுப்பும்போது சிப் 53 என்று திருப்பிச் சொன்னால், அது தயார் என்று பொருள்.

2000-களில் கம்ப்யூட்டரின் பிரின்டர் போர்ட்டிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்தே இதைச் செய்தார்கள். இன்றைய லேப்டாப்பில் அந்த போர்ட் இல்லை. யு.எஸ்.பி.யைப் பிரின்டர் போர்ட்டாக மாற்றும் கேபிளும் இதற்கு உதவாது. ஆகவே யு.எஸ்.பி.க்கும் நம் சிப்புக்கும் நடுவில் மொழிபெயர்க்க இன்னொரு சிப் வேண்டும்.

யு.எஸ்.பி.ஏ.எஸ்.பி.

ஜெர்மனியின் தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்து, சர்க்யூட்டையும் புரோகிராமையும் இலவசமாக வெளியிட்ட புரோகிராமர் இது. நடுவில் இருப்பது ஏடிமெகா8 என்ற 28 பின் சிப். இந்த சிப்பில் யு.எஸ்.பி. வசதியே கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஆஸ்திரியாவின் ஆப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் எழுதிய வி-யு.எஸ்.பி. என்ற சாஃப்ட்வேரே யு.எஸ்.பி. வேலையைச் செய்கிறது. லோ ஸ்பீடு யு.எஸ்.பி.யில் விநாடிக்கு 15 லட்சம் பிட்கள். கிறிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு பிட்டுக்கு எட்டு துடிப்புகள்தான். அதற்குள் பிட்டைப் படித்து முடிக்க வேண்டும்!

எப்படி இணைப்பது?

ஒரு டாட் போர்டில் 28 பின் ஐ.சி. பேஸையும், டைமர் சிப்புக்கு 8 பின் ஐ.சி. பேஸையும் சால்டர் செய்துகொள்ளுங்கள். பழைய யு.எஸ்.பி. கேபிள் ஒன்றை வெட்டினால் நான்கு ஒயர்கள் இருக்கும். கலரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. சிவப்பு (5 வோல்ட்): 7, 20-வது பின்கள். கறுப்பு (கிரவுண்டு): 8, 22. இவற்றுக்கு நடுவே 100 நானோஃபாரட், 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள்.

2. வெள்ளை ஒயர் 68 ஓம் ரெசிஸ்டர் வழியாக 14-க்கு. பச்சை ஒயர் இன்னொரு 68 ஓம் வழியாக 15-க்கும் 4-க்கும்.

3. வெள்ளை ஒயரிலிருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம்.

4. வெள்ளை, பச்சை இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 3.6 வோல்ட் ஜீனர் டயோடு. கோடு உள்ள முனை ஒயர் பக்கம்.

5. 9, 10-ல் கிறிஸ்டல். அதன் இரு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட். 1-வது பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம்.

6. 16, 17, 18, 19-வது பின்கள் முறையே ஏடிடைனி13-இன் 1, 5, 6, 7-க்கு. அதன் 8-க்கு 5 வோல்ட், 4-க்குக் கிரவுண்டு.

ஜீனர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். தேனியில் வாங்கும்போது வோல்ட்டைச் சொன்னேனே தவிர, வாட்டைச் சொல்லவில்லை. 1 வாட் ஜீனரைப் போட்டதும் கம்ப்யூட்டர் இந்தச் சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்றது. பெரிய ஜீனரில் கெபாசிட்டன்ஸ் அதிகம், சிக்னல் மழுங்கிவிடும். அரை வாட் அல்லது அதற்குக் குறைவானதையே கேட்டு வாங்குங்கள்.

முதல் சிப்பில் யார் எழுதுவது?

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதைதான் இங்கேயும். புரோகிராமர் வேலை செய்ய ஏடிமெகா8-ல் புரோகிராம் எழுத வேண்டும். அதை எழுத ஒரு புரோகிராமர் வேண்டும்!

இதற்கு ஆர்டுயினோ யூனோ கைகொடுத்தது. பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவனிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கினேன். ஆர்டுயினோ சாஃப்ட்வேரின் எக்ஸாம்பிள்ஸ் மெனுவில் உள்ள 'ஆர்டுயினோ ஐ.எஸ்.பி.'யை யூனோவில் ஏற்றுங்கள். பிறகு யூனோவின் 10, 11, 12, 13-வது பின்களை ஏடிமெகா8-இன் 1, 17, 18, 19-உடன் இணையுங்கள். 5 வோல்ட், கிரவுண்டு இரண்டையும் யூனோவிலிருந்தே கொடுங்கள். நம் யு.எஸ்.பி. கேபிள் கழற்றியிருக்கட்டும், 8 பின் பேஸ் காலியாக இருக்கட்டும். யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால், யூனோ தானாக ரீசெட் ஆகாது.

இனி ஏ.வி.ஆர்.டியூட் என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் ஃபிஷ்லின் ஹெக்ஸ் ஃபைலை எழுதி, லோ ஃபியூஸை இஎஃப் என்றும் ஹை ஃபியூஸை சி9 என்றும் மாற்றுங்கள். இதன் பிறகு சிப் வெளிக் கிறிஸ்டலில்தான் ஓடும். கிறிஸ்டலைப் பொருத்தாமல் ஃபியூஸை எழுதினால் சிப் செத்ததுபோல் கிடக்கும். பயப்படாதீர்கள், கிறிஸ்டலைப் பொருத்தினால் எழுந்துவிடும். ஆனால் ரீசெட் டிசேபிள் என்ற ஃபியூஸை மட்டும் தொடவே தொடாதீர்கள். தொட்டால் 12 வோல்ட் புரோகிராமர் இல்லாமல் மீட்க முடியாது.

சிப் பதில் சொல்லவில்லையா?

விண்டோஸில் ஸாடிக் என்ற இலவச சாஃப்ட்வேரால் டிரைவரை நிறுவினேன். புரோகிராமர் தெரிந்தது. ஆனால் ஏடிடைனி13 பதிலே சொல்லவில்லை. சால்டரிங்கை இரண்டு முறை சரிபார்த்தேன். கோளாறு அங்கே இல்லை.

இந்தப் புரோகிராமரின் வழக்கமான எஸ்.சி.கே. வேகம் 375 கிலோஹெர்ட்ஸ். எஸ்.சி.கே. எப்போதும் சிப்பின் வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். கடையில் வாங்கியபடியே இருக்கும் ஏடிடைனி13 ஓடுவது 1.2 மெகாஹெர்ட்ஸில். அதில் நான்கில் ஒரு பங்கு 300 கிலோஹெர்ட்ஸ்தான். நாம் வேகமாகப் பேசினால் சிப்புக்குப் புரியாது! ஏடிமெகா8-இன் 25-வது பின்னைக் கிரவுண்டுடன் இணைத்தால் வேகம் குறையும். இணைத்ததும் திரையில் 1இ 90 07 என்று வந்தது. அதுதான் ஏடிடைனி13-இன் அடையாள எண்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சிப்பை போர்டிலிருந்து கழற்றி, மேஜையில் வைத்து மட்டுமே எழுதுங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத மலிவான டைமர்களில் கிரவுண்டு என்பதே லைனாக இருக்கலாம். கம்ப்யூட்டரும் போகும், உயிருக்கும் ஆபத்து.

நான்காம் நாள் நான்கு சிப்களையும் அதனதன் பேஸில் மாட்டினேன். மின்சாரம் போய் வந்தபோது மாமாவும் நானும் வரப்பில் நின்றோம். மாமாவின் மோட்டார் கிளம்பியது. அடுத்து மேலத் தோட்டம், பிறகு மற்ற இரண்டும். ஒரு ஸ்டார்ட்டரும் விழவில்லை. புரோகிராமரை மாமா வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஐந்தாவதாக ஒரு மோட்டார் வந்தால், 150 என்று எழுத அது தயாராக இருக்கிறது.