சேகோவில் பனை ஏதுங்க?

சேலம் ஜவ்வரிசியைப் பற்றி வலைப்பதிவுக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கேட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தலைப்பு, துணைத்தலைப்புகள், உடல்நலப் பயன்கள், கடைசியில் கேள்வி பதில் என்று எல்லாம் வந்து நின்றன. எழுத்துப்பிழை தேடினாலும் கிடைக்கவில்லை. மூன்றாவது பத்தியில் மட்டும், ஒருவகைப் பனையின் தண்டைப் பிளந்து உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்து ஜவ்வரிசி செய்கிறார்கள் என்று எழுதியிருந்தது.

ஆத்தூர்ப் பக்கம் ஆலை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவருக்கு அதைப் போனில் படித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, “சேகோவுல பனை ஏதுங்க? முப்பது வருசமா குச்சிக்கிழங்கைத்தானுங்க அரைச்சுட்டு இருக்கறோம்” என்றார்.

கருவி சொன்னதும் கட்டுக்கதை இல்லை. வேறு ஊர்க் கதை. ஜவ்வரிசிக்கு இங்கே வழங்கும் ‘சேகோ’ என்ற பெயரே மலாய் மொழியிலிருந்து வந்தது. அங்கே அது ஒருவகைப் பனையிலிருந்து எடுக்கும் மாவுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிழக்கிலிருந்து சரக்கு வருவது நின்றபோது, சேலத்துக்காரர்கள் குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) மாவை உருட்டி அதே மாதிரி மணி செய்தார்கள். பொருள் மாறியது, பெயர் ஒட்டிக்கொண்டது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் ‘சேலம் ஜவ்வரிசி’ புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் உலகம் முழுக்க ஆங்கிலத்தில் ‘சேகோ’ என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி அந்தப் பனையைப் பற்றியது. கருவி எழுதியதும் அதைத்தான்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சமையல், விவசாயம், வேலைவாய்ப்பு, கோயில், லாரித் தொழில் என்று வலைப்பதிவு எழுதும் பலரும் இப்போது இந்தக் கருவிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். கூகுளின் விளம்பர வருவாய்த் திட்டமான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழுக்கு வந்த நாளிலிருந்து, எழுத்தில் நாலு காசு பார்க்கலாம் என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. முன்பு ஒரு பதிவு எழுத ஒரு சாயங்காலம் போய்விடும். இப்போது ஒரு சாயங்காலத்தில் முப்பது பதிவு ஏற்றலாம். அந்த முப்பதில் எத்தனை பனைமரம் நிற்கும் என்பதுதான் கேள்வி.

பனை எங்கிருந்து முளைத்தது என்று பார்ப்போம். 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பிறகு ஜெமினி, கிளாட் என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றின் அடிப்படை வேலையும் ஒன்றுதான்: இதுவரை வந்த சொற்களைப் பார்த்து, அடுத்து வரக்கூடிய துண்டைக் கணிப்பது. கணக்கில்லாத பக்கங்களைப் படித்துப் பழகியதால் கணிப்பு பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. அந்தப் பக்கங்களில் தமிழ் எவ்வளவு? இணையத்தை வாரித் திரட்டித் தரும் காமன் கிரால் என்ற பெருந்தொகுப்பில் ஆங்கிலம் மட்டும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல். தமிழ் அரைக்கால் விழுக்காடுகூட இல்லை. ஆகவே கருவிக்குத் தமிழ் நடை ஓரளவு வந்துவிட்டாலும், அதன் கையில் இருக்கும் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்தது. ஊரெல்லாம் புத்தகம் படித்துவிட்டு, வாழப்பாடி பக்கம் ஒருமுறைகூடப் பஸ்ஸில் போகாத ஆள் மாதிரி.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு தண்டமும் உண்டு. ‘ஜவ்வரிசி’ நமக்கு ஐந்து எழுத்து. கணினியின் யூனிகோட் கணக்கில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் அது எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று மொத்தம் இருபத்து நான்கு பைட். ஆங்கிலத்தில் ‘சேகோ’ என்று எழுத நான்கு பைட் போதும். கருவிகள் எழுத்தை ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கும், எழுதும். துண்டு போடும் முறை ஆங்கிலத்துக்காகச் செதுக்கப்பட்டிருந்தால் தமிழ்ச் சொல் பொடிப்பொடியாகிவிடும். காசு கொடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்குச் செலவும் ஏறும், கருவி ஒரே மூச்சில் நினைவில் வைத்திருக்கும் அளவும் சுருங்கும். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ புதிய துண்டுமுறையை வெளியிட்டபோது எடுத்துக்காட்டாக ஒரு சிறு வாசகத்தைக் காட்டியது. பழைய முறையில் அதன் தமிழ் வடிவத்துக்கு 116 துண்டு, புதியதில் 35. அதற்கு முன்பு நாம் கொடுத்துவந்த சுங்கம் எவ்வளவு என்று இதிலேயே தெரிகிறது.

நடை ஓரளவு வந்துவிட்டது என்றேன். அதிலும் ஒரு வாடை உண்டு, இரண்டு வாரம் படித்தால் மூக்குக்குப் பிடிபட்டுவிடும். முட்டைப் பண்ணை பற்றிக் கேட்டாலும், தட்டுவடை செட் பற்றிக் கேட்டாலும், ரிக் வண்டி பற்றிக் கேட்டாலும் ‘இன்றைய வேகமான உலகில்’ என்றுதான் ஆரம்பிக்கும். எல்லாப் பொருளும் ‘முக்கியப் பங்கு வகிக்கும்’. எல்லாக் கட்டுரையும் சுற்றுச்சூழலை வாழ்த்திவிட்டு முடியும். சொல்லையும் அது பொதுவாக்கிவிடும். நான் ‘குச்சிக்கிழங்கு’ என்று எழுதிக்கொடுத்த குறிப்பைத் திருத்தித் தரச் சொன்னேன். ஒருமுறை ‘மரவள்ளிக்கிழங்கு’ ஆக்கியது, பரவாயில்லை. அடுத்த முறை ‘மரச்சீனி’ ஆக்கியது. அது நாகர்கோவில் பக்கத்துச் சொல். நாமக்கல்லில் எந்தக் காட்டிலும் மரச்சீனி விளைவதில்லை, குச்சிதான் விளைகிறது.

இப்படி ஒட்டாத தமிழ் இணையத்தில் வந்து குவிவது நமக்குப் புதிய அனுபவமும் அல்ல. கூகுள் 2009-ல் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு கருவிப்பெட்டியை வெளியிட்டது. அதை வைத்து, கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ், இந்தி, தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளுக்கு மாற்றி ஏற்றினார்கள். 2010 ஜூலையில் கூகுள் எல்லா மொழியிலும் சேர்த்து ஒரு கோடியே 60 லட்சம் சொல் ஆகிவிட்டது என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் எழுதிவந்தவர்களுக்குத்தான் தலைவலி. வந்து குவிந்த கட்டுரைகளில் பலவும் தமிழ் வாசகர் தேடிவராத தலைப்புகள், வாக்கியங்கள் ஆங்கிலத்தின் வரிசையிலேயே நின்றன, இணைப்புகள் இல்லாத பக்கங்களுக்கு ஓடின. கட்டுரையை ஏற்றியவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார். பேச்சுப் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதே ஆண்டு போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர்கள் இந்தக் குறைகளை வெளிப்படையாக எடுத்துவைத்தார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூகுளின் தானியங்கி மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்ததே 2011 ஜூனில்தான். ஆக, அந்தக் கட்டுரைகளை எழுதியவை இயந்திரங்கள் அல்ல, மனிதர்கள். அப்படியும் ஏன் சொதப்பியது என்றால், எழுதியவருக்கும் எழுதிய பொருளுக்கும் ஒட்டுறவு இல்லை. சொல்லுக்குக் காசு, கட்டுரைக்குப் பொறுப்பில்லை. கருவியை நான் குறை சொல்லமாட்டேன் என்பதற்கு இதுவே காரணம். குறை இருப்பது ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தும் விரலில்.

கூகுள் தேடல் என்ன சொல்கிறது? கருவி எழுதியது என்பதற்காகவே ஒரு பக்கத்தைத் தள்ளிவிடமாட்டோம் என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தது. 2024 மார்ச்சில் குப்பைத் தடுப்பு விதிகளைக் கடுமையாக்கியது. தேடலில் மேலே வருவதற்காகவே பக்கங்களைக் கும்பல் கும்பலாகக் குவித்தால் தண்டனை உண்டு. குவித்தவர் மனிதரா, கருவியா என்பது பொருட்டில்லை. ஒரு சாயங்காலத்தில் முப்பது பதிவு போடுகிறவர் இதை ஒருமுறை நின்று படித்துவிட்டுப் போவது நல்லது. போதாக்குறைக்கு, 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் கூகுள் பல கேள்விகளுக்குத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே தானே சுருக்க விடை எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டது. ‘ஜவ்வரிசியின் பயன்கள்’ என்று தேடுகிறவர் நம் பதிவுக்குள் வரவேண்டிய அவசியமே இருக்காது. கருவிக்குத் தெரிந்ததைக் கருவியே சொல்லிவிடும்போது, அதையே நாமும் எழுதி என்ன ஆகப்போகிறது?

அப்படியானால் இந்தக் கருவி வலைப்பதிவருக்கு எதற்கு? நான் இப்போது பழகிவரும் முறையைச் சொல்கிறேன். முதலில் ஆலைக்குப் போனேன். அனுமதி கேட்டுவிட்டு, ஆலைக்காரர் பேசியதைப் போனில் பதிந்துகொண்டேன். கிழங்கு லோடு வந்ததும் ‘பாயிண்ட்’ பார்க்கிறார்கள். மாவுச்சத்து கூடினால் பாயிண்ட் கூடும், பாயிண்டுக்கு இவ்வளவு என்று விவசாயிக்கு விலை. தோல் நீக்கி, கழுவி, அரைத்து, சலித்தால் பால் ஒருபக்கம், திப்பி ஒருபக்கம். பால் தொட்டியில் தெளிந்து மாவு அடியில் படியும். திப்பி காய்ந்து தீவனத்துக்குப் போகும். ஈர மாவைக் குலுக்கி உருட்டி, சலித்து, சூட்டில் வாட்டி, களத்தில் காயவைப்பார்கள். நான் போன நேரம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் பாதிப் பேச்சில் என்னை விட்டுவிட்டுத் தார்ப்பாய் இழுக்க ஓடினார். அந்த இருபது நிமிடம் பதிவில் காலடிச் சத்தமும் கூச்சலும்தான்.

இதையெல்லாம் எழுத்தாக்கிக் கருவியிடம் கொடுத்தேன். கட்டளை சுருக்கமானது: வரிசைப்படுத்து, சொன்னதையே திரும்பச் சொன்ன இடத்தைக் காட்டு, புதிதாக எதையும் சேர்க்காதே, வட்டார வார்த்தையை மாற்றாதே, புரியாத இடத்தில் கேள்வி போடு. இப்போதுதான் அது உருப்படியாக வேலை செய்தது. குறிப்பாக, அது போட்ட கேள்விகள். ‘பாயிண்ட் பார்ப்பது யார், விவசாயி பக்கத்தில் நிற்பாரா?’ என்று ஒன்று. நான் கேட்க மறந்தது. மறுபடி போன் போட்டேன். “நிக்காம எப்படிங்க? நிக்கறவரு நிப்பாரு, அவசரக்காரரு லோடு இறக்கிட்டுப் போயிருவாரு” என்று பதில் வந்தது. கட்டுரையில் எனக்குப் பிடித்த வரி அதுதான். தலைப்புக்கு ஐந்தாறு யோசனை, நீளமான பத்தியைப் பிரிப்பது, ஒற்றுப்பிழை பார்ப்பது, வெளியூர் வாசகருக்காக ஆங்கிலச் சுருக்கம் எழுதுவது ஆகியவற்றையும் அது நேர்த்தியாகச் செய்கிறது. அதிலும் ஒற்றுப்பிழையை நான் இன்னும் முழுக்க நம்பிவிடுவதில்லை. சரியாக இருக்கும் இடத்திலும் ஒரு ‘க்’ போட்டுவிட்டுப் போகும்.

பேசியவரின் பெயர், போன் எண், கணக்கு வழக்கு ஆகியவற்றை எடுத்துவிட்டுத்தான் குறிப்பை உள்ளே கொடுப்பேன். நம்பிப் பேசியவர் நம்மிடம்தான் பேசினார். எங்கோ இருக்கும் கணினிக்கூடத்திடம் பேசவில்லை.

அடுத்து முட்டை. நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கோழித் தொழில் பற்றி வாரம் ஒரு பதிவு எழுதலாம் என்று ஆசைப்பட்டார். அவருக்காகக் கருவியிடம் நாமக்கல் முட்டை விலை எப்படி முடிவாகிறது என்று கேட்டேன். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது ஊரில் எல்லோரும் ‘நெக்’ என்று சொல்வது, பண்ணைக் கொள்முதல் விலையை அறிவிக்கிறது என்று சரியாகவே சொன்னது. ஒரு விலையும் சொன்னது. அது என்றைய விலை என்று கேட்டதும் மன்னிப்புக் கேட்டது. பழைய பக்கத்தில் படித்த விலையாக இருக்கலாம். இணையத்தில் தேடிச் சொல்லும் வசதியைத் திறந்தால் அன்றைய நெக் விலையை எடுத்து வந்துவிடுகிறது, உண்மைதான்.

ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் ‘மைனஸ்’ என்ற சொல் இல்லை. பண்ணைக்காரர் கைக்கு வருவது பல நாள் நெக் விலை அல்ல. அதிலிருந்து வியாபாரி இத்தனை காசு மைனஸ் என்று பிடித்துக்கொண்டு கொடுப்பதுதான். அது வியாபாரிக்கு வியாபாரி, நாளுக்கு நாள் மாறும். பண்ணையில் லாபமா, தீவனக் கடனா என்பதை முடிவு செய்வது பல நேரம் அந்த மைனஸ்தான்.

நண்பரின் முதல் பதிவு தயாராகிவிட்டது. கருவி வரிசைப்படுத்திக் கொடுத்தது, அவர் பேசியது. விலை வரியில் மட்டும் எண் போடாமல் கோடு போட்டு வைத்திருக்கிறார். காலையில் முட்டை வண்டி வந்து, பேரம் முடிந்து, அன்றைய மைனஸ் தெரிந்த பிறகு அவரே கையால் நிரப்பிவிட்டு ஏற்றப்போகிறாராம்.